இருநூற்றுப் பன்னிரண்டு மூச்சுகள்

கழிவுத்தொட்டி அறையின் மேற்குச் சுவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்குப் பழுப்பாக மாறியது.

அதுவரை அது சந்தன நிறத்தில் இருந்தது. மணற்சேரி தோல் பதனிடும் ஆலையில் எல்லாச் சுவர்களும் சந்தன நிறம்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நுகர்பூச்சு வந்தபோது அடித்த நிறம் அது. காற்றில் நச்சு வாயு கலந்தால் பூச்சு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மோனியா என்றால் நீலம். குளோரின் என்றால் சிவப்பு. தோல் கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு என்றால் பழுப்பு. நிறம் மாறிய நொடியிலேயே சங்கு ஊதும். சங்கு ஊதினால் மணற்சேரியில் யாரும் யாரையும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் பதினான்கு முறை ஊதியிருக்கிறது. ஒருவர்கூடச் சாகவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு பேராவது தொட்டிக்குள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவார். அதை நேரில் பார்த்த பெண்கள், ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்கு வைக்கும் முன் சுவருக்குப் பொட்டு வைத்தார்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களும் வேலைக்கு வந்ததும் போகிறபோக்கில் சுவரை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று நாற்பது நொடிக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மேலாளர் ஹரிகிருஷ்ணன் தலைகளை எண்ணத் தொடங்கினார். கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்ததால் எண்ணி முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. இரண்டு பேர் குறைந்தார்கள். ரூபனும் டில்லிபாபுவும்.

அடைத்துக்கொண்ட பம்பைச் சரிசெய்ய இருவரும் தொட்டிக்குள் இறங்கியிருந்தார்கள். தொட்டியின் உள்ளே பூச்சு கிடையாது. சுண்ணாம்புச் சேறு பட்டு உரிந்துவிடும் என்று அடிக்காமல் விட்டிருந்தார்கள். வாயு மேலே ஏறி வந்து சுவரைத் தொடுவதற்குள் அவர்கள் அதை இரண்டு மூச்சு இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த வாயு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மோப்ப நரம்பைத்தான் முதலில் செயலிழக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று ஆள் நிம்மதி அடைகிற நேரத்தில் கால் மடங்கிவிடும்.

முகமூடி அணிந்த மீட்புக் குழு ஆறாவது நிமிடத்தில் உள்ளே நுழைந்தது. தொட்டி காலியாக இருந்தது. கைவண்டி போய்வரும் சரிவுப் பாதையின் உச்சியில், பின்கதவை ஒட்டி, இருவரும் ஒருக்களித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. பெரிய காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது.

யார் செய்தது என்று கேட்டபோது முற்றத்தில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை.

*

ரூபனின் அக்கா பியூலா அந்த வட்டாரத்துக்கு ஒரே சுவர்வாசிப்பாளர். விபத்து நடந்த இடத்தின் சுவரைப் படித்து அறிக்கை எழுதுவது காற்றுக் காவல் துறையில் அவளுக்கு வேலை. இந்த முறை சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் மருத்துவமனைக்கு ஓடினாள். தம்பி சாயங்காலம்தான் கண் திறந்தான். தொண்டை கட்டியிருந்தது.

"அக்கா, டில்லி?"

"பக்கத்துக் கட்டில்லதான் கீறான். நல்லா கீறான். நீ பேசாத."

அவன் கேட்கவில்லை. "யாரோ ஒரு பொம்பளக்கா. காலரப் புடிச்சு தரதரன்னு இழுத்துச்சு. கதவாண்ட போட்டுட்டு ஒரே திட்டு. 'எருமமாடு மாதிரி ஒடம்ப வளத்து வெச்சுக்கினு என் உயிர வாங்குறியேடா'ன்னு. அப்பறம் டில்லியத் தேடி உள்ள போச்சு."

"மொகத்தப் பாத்தியா?"

"கண்ணே தெறக்கல." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அது யாருன்னு கண்டுபுடிக்கா. உனக்குத்தான் சுவத்தப் படிக்கத் தெரியுமே. அது கால்ல நான் வுயணும்."

பியூலா தலையசைத்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

மறுநாள் காலை அவள் தொட்டி அறையின் பின்கதவுச் சுவரில் படிப்பியைப் பொருத்தினாள். தோசைக்கல் அளவில் இருக்கும் அந்தக் கருவியைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். நுகர்பூச்சு நிறம் மாறுவதோடு நிற்பதில்லை. நொடிக்கொரு படலமாகத் தன் துளைகளை மூடிக்கொண்டே போகும். அந்த நொடியில் அறையில் இருந்த காற்று அப்படியே அதற்குள் சிறைப்பட்டுவிடும். முப்பது நாள் காற்று சுவரில் அடுக்கடுக்காக இருக்கும். வாயு எப்போது, எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்று பார்ப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் மனிதர் விடும் மூச்சிலும் நூற்றுக்கணக்கான ஆவிகள் கலந்திருக்கின்றன. அந்தக் கலவை ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு மூச்சுரேகை என்று பெயர். கைரேகையைப் போலத்தான். அது பெயர் சொல்லாது. ஆள் எதிரில் வந்து ஊதினால் இதுவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பியூலா பத்து மணி பதினேழு நிமிடத்துக்குப் பின்னோக்கிப் போனாள்.

சங்கு ஊதிய பதினெட்டாவது நொடியில் கதவருகே ஒரு மூச்சு வந்து நின்றிருந்தது. ஆழமாக ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு நொடிகளுக்குச் சுவரில் யாருடைய மூச்சும் இல்லை. அடுத்து, அதே இடத்தில் வெடித்தது போல ஒரு நீண்ட வெளிமூச்சு. தொடர்ந்து சிறு சிறு மூச்சுகள். ரூபனைத் திட்டியது அப்போதுதான் என்று பியூலா புரிந்துகொண்டாள். மறுபடி ஓர் இழுப்பு. மறுபடி வெறுமை. இந்த முறை நாற்பத்தேழு நொடி. டில்லிபாபு ரூபனைவிடக் கனம். அவனை எப்படி ஏற்றினாளோ. திரும்பி வந்த மூச்சு துண்டு துண்டாக இருந்தது. பிறகு காற்றாடி சுற்றத் தொடங்கியதும் எல்லாம் கலைந்துவிட்டது.

சுவரில் நெற்றியைச் சாய்த்தபடி பியூலா சிறிது நேரம் நின்றாள். முகம் தெரியாத அந்தப் பெண் விட்ட மூச்சு விரற்கடைத் தூரத்தில் இருந்தது.

படிப்பி மணியடித்தது. திரையில் ஒரு வரி சிவப்பாக வந்திருந்தது.

தழும்பு மூச்சு.

நுரையீரல் திசு வெந்து வடுவாகிப்போனவர்களின் மூச்சில் சில ஆவிகள் கூடும், சில குறையும். படிப்பிக்கு அது தெரியும். இந்தப் பெண்ணின் நுரையீரலில் பாதிக்குமேல் வடு. அப்படிப்பட்டவர்களால் மாடி ஏறி இறங்குவதே கடினம். அந்த நெஞ்சோடு மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு ஆண்களை இழுத்துப் போட்டிருக்கிறாள்.

துறையில் ஒரு விதி இருந்தது. தழும்பு மூச்சு கண்ணில் பட்டால் ஏழு நாளுக்குள் ஆளைக் கண்டுபிடித்து, எந்தத் தோல் ஆலையிலும் இனி வேலை செய்யக்கூடாது என்று விலக்கு ஆணை கொடுத்தாக வேண்டும். அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த விதி. நல்ல மனதோடு எழுதப்பட்டது. மணற்சேரியில் தோல் ஆலையைத் தவிர வேறு வேலை இல்லை என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

விபத்து நேர வாசிப்பை மட்டும் படிப்பி தானாகவே துறைக்கு அனுப்பிவிடும்; இதையும் அனுப்பிவிட்டிருந்தது.

*

சனிக்கிழமை பிற்பகல், பேருந்து நிலையத்துக்கு மேலே இருந்த அவளுடைய அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தேழு வயது இருக்கும். படியேறி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, பேச முடியாமல், ஒரு விரலை உயர்த்திப் பொறு என்று காட்டினாள். மூச்சு சமனாக இரண்டு நிமிடம் ஆயிற்று.

"என் பேரு லோகேஸ்வரி. தோல் ஓரம் வெட்டுற பிரிவு. இருபத்திரண்டு வருசமா."

பியூலாவுக்கு அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. எழுந்து வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் தம்பி..."

"தெரியும். அதுக்கு வரல." லோகேஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். "அந்தச் சுவத்துல கீற என் மூச்ச அழிச்சிட முடியுமா? அத்த மட்டும் சொல்லு."

"முடியாதுக்கா. ஒரு படலத்தச் சொரண்டினாலும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிஞ்சிடும்."

"மேல வேற பெயிண்ட் அடிச்சா?"

"அதுவும்."

லோகேஸ்வரி சன்னலைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா இருமலு. வாயில துணி வெச்சு அமுக்கிக்கினுதான் வேல பாக்கறேன். வருசா வருசம் ஆலை டாக்டராண்ட ஊதச் சொல்றாங்கல்ல, அன்னிக்கிக் காலையில இருந்து பேசாம ஒக்காந்து தெம்ப சேத்து வெச்சுக்கினு போயி ஒரே ஊதா ஊதிடுவேன். இன்னும் ரெண்டு வருசம் இப்புடி ஓட்டிட்டா எம்பொண்ணு நர்சு படிச்சு முடிச்சிடும்."

"அன்னிக்கு ஏன்க்கா உள்ள போனீங்க? சுவர்ல பதியும்னு தெரியும்தானே?"

லோகேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா கேள்வி கேக்கற நீ? ரெண்டு பேரு உள்ள கெடக்கறானுங்க. அப்ப போயி சுவரு என்னா எழுதும்னு யோசிப்பாங்களா? எருமமாடு மாதிரி ஒடம்பு ரெண்டுத்துக்கும். இழுத்து இழுத்துத் தோளே எறங்கிப்போச்சு. பாவிங்க!"

படிக்கட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்ட ரூபன் அக்காவைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். கையில் இருந்த மாத்திரைப் பை கீழே கிடந்தது. அந்தக் குரலை அவன் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்திருப்பான்.

உள்ளே வந்தவன் லோகேஸ்வரியின் காலில் விழுந்தான். நெடுஞ்சாண்கிடையாக, அலுவலகத் தரையில்.

"ஏந்திரி. ஏந்திரிடா. மறுபடி என்ன இழுக்க வெக்காத," என்றாள் லோகேஸ்வரி. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

பியூலா விதியை அவர்கள் இருவரிடமும் மறைக்காமல் சொன்னாள். புதன்கிழமைக்குள் ஆலைப் பணியாளர் எல்லோரையும் வாசிப்பறையில் ஊதவைக்க வேண்டும். பொருந்துகிற மூச்சுக்கு உரியவர் அன்றே வெளியேற வேண்டும்.

"நீ ஒத்துக்க மாட்டேன்னு சொல்லேன்," என்றான் ரூபன்.

"நான் ஒதுங்கிட்டா வேற வாசிப்பாளர அனுப்புவாங்க."

ரூபன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தே கேட்டான். "அந்த விதி என்னான்னு எழுதிக்கிது? அப்படியே படிச்சுச் சொல்லுக்கா."

பியூலா எடுத்துப் படித்தாள். "ஆலைப் பணியாளர் அனைவரும் நுகர்பூச்சு அடித்த வாசிப்பறையில் போதிய நேரம் மூச்சுக் கொடுக்க வேண்டும்."

"ஒவ்வொருத்தரா வரணும்னு எழுதிக்கிதா?"

அவள் மறுபடியும் படித்தாள். எழுதியிருக்கவில்லை. எல்லா வாசிப்பாளர்களும் ஒவ்வொருவராகத்தான் அழைத்தார்கள். அது பழக்கம். அதை யாரும் விதியில் சேர்க்கவில்லை.

*

ஞாயிறு முழுவதும் ரூபன் வீடு வீடாகப் போனான். தேவாலயத்துக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் போனான். நடக்க முடியாத டில்லிபாபு படுக்கையிலிருந்தே ஒவ்வொருவரையாக அழைத்துப் பேசினான். யார் என்று இருவரும் சொல்லவில்லை.

"எங்க ரெண்டு பேரையும் காப்பாத்துன ஆளு நம்முள ஒருத்தரு. யாருன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க. தெரியாமப் பண்ணணும். நீ வந்து பக்கத்துல ஒக்காந்தா போதும்." சொன்னது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வாசிப்பறையாக மாற்றிப் புதிதாக நுகர்பூச்சு அடித்த ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மூன்று ஷிஃப்ட் ஆட்களும் ஒன்றாக நின்றார்கள். டில்லிபாபுவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். மேலாளர் ஹரிகிருஷ்ணனும் வரிசையில் இருந்தார். பணியாளர் என்று விதி சொன்னால் அவரும்தானே.

"ஒவ்வொருத்தரா அனுப்புங்க மேடம்," என்றார் அவர்.

"அப்படி ஒண்ணும் விதி இல்ல சார்," என்று சொல்லிவிட்டுப் பியூலா கதவின் இரு பக்கத்தையும் திறந்து வைத்தாள். அந்தக் கதவைத் திறந்ததற்காகத் தன் வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். தம்பி தன் முன்னால் நடந்து உள்ளே போவதைப் பார்த்தபோது அது பெரிதாகத் தோன்றவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. பியூலா கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றாள்.

முதல் பத்து நிமிடம் அறை அமைதியாக இருந்தது. அப்புறம் நடுவில் எங்கேயோ ஒரு பெண் இருமினாள். அடக்க முயன்று, முடியாமல், மறுபடியும் இருமினாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பாமல் சுவரையே பார்த்தார்கள். உடனே டில்லிபாபு வேண்டுமென்றே உரக்க இருமினான். ரூபன் புரிந்துகொண்டு இருமினான். அவன் பக்கத்தில் இருந்தவன், அதற்கடுத்தவள், பின்வரிசை என்று கூடம் முழுவதும் அது பரவியது. சிலர் சிரித்துக்கொண்டே இருமினார்கள்.

சிரிப்பு நின்றது. இருமல் நிற்கவில்லை.

பொய்யாகத் தொடங்கியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் துணியை அமுக்கினார்கள். அந்தத் துணி ஏற்கெனவே மடித்து, இடுப்பிலும் சட்டைப்பையிலும் தயாராக இருந்தது. ஒருவர் துணியை இன்னொருவர் பார்த்தார். தனக்கு மட்டும்தான் என்று ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருந்ததை அந்தக் கூடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பார்த்தார்கள். லோகேஸ்வரி பக்கத்தில் இருந்த இளம்பெண்ணின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து உள்ளே போன பியூலா, அதற்கு முன் மூடிய படலங்களைப் படிக்கப் படிப்பியைச் சுவரில் வைத்தாள். கலந்துபோன மூச்சுகளையும் அது பிரித்து எண்ணிவிடும். எந்த மூச்சு எந்த முகத்துக்கு உரியது என்று சொல்ல மட்டும்தான் அதனால் முடியாது.

மொத்த மூச்சுரேகைகள்: 212. தழும்பு உள்ளவை: 187.

கருவி பழுதாகிவிட்டதோ என்று வேறு சுவரில் வைத்தாள். அதே எண். மூன்றாவது சுவரிலும் அதே எண்.

"எவ்ளோ வந்துச்சு?" என்று ஹரிகிருஷ்ணன் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனார். "இது எப்படி மேடம்? ஒன்பது வருசமா சுவர் சந்தனக் கலர்லதானே இருந்துச்சு?"

"சந்தனக் கலர்னா காத்துல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல சார். உடனே சாக மாட்டோம்னு அர்த்தம்."

அவள் தொட்டி அறைக்கும் தோல் வெட்டும் பிரிவுக்கும் போய் முப்பது நாள் படலங்களையும் படித்தாள். வாயு தினமும் இருந்தது, ஒவ்வொரு மணி நேரமும். எச்சரிக்கை எல்லைக்கு எப்போதும் கீழே. ஒரே மூச்சில் ஆளைக் கொல்லும் அளவை வைத்து அந்த எல்லையைப் போட்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளில் கொல்லும் அளவைப் பூச்சிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காததை அதுவும் சொல்லவில்லை.

"இத அனுப்பாதீங்க," என்றார் ஹரிகிருஷ்ணன், அவள் கூடத்து வாசலுக்குத் திரும்பியதும், தணிந்த குரலில். "ஆலைய மூடிடுவாங்க. இத்தன குடும்பம் இருக்குது."

பியூலா எண்களைப் படிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் கிளம்பவில்லை. வேறு குரலில் கேட்டார். "அந்த மீதி இருபத்தஞ்சு பேர்ல நான் இருக்கேனா?"

"தெரியாது சார். யார் மூச்சு யாருதுன்னு தெரியக்கூடாதுன்னுதானே எல்லாரும் சேந்து உக்காந்தீங்க."

அவர் திறந்திருந்த கூடத்துக்குள் பார்த்தார். ஆட்கள் எழுந்திருக்காமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் சில மாதங்களாக விடியற்காலையில் ஓர் இருமல் இருந்தது.

"அனுப்பிடுங்க," என்றார்.

*

தலைமை அலுவலகம் நான்கு நாள் பேசாமல் இருந்தது. விதிப்படி நூற்று எண்பத்தேழு பேருக்கு விலக்கு ஆணை கொடுக்க வேண்டும். ஆணையில் பெயர் எழுத வேண்டும். ஒரு பெயர்கூட இல்லை. தனித்தனியாக மறுபடி ஊதச் சொல்லலாம் என்றால், ஒருமுறை முறையாக எடுத்த வாசிப்பை ரத்து செய்ய விதியில் இடமில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெண் அதிகாரி பியூலாவை அழைத்தார்.

"ஆளுக்குத்தான் ஆணை கொடுக்க முடியல. இடத்துக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அந்தக் காத்தத்தான் வேலையவிட்டு விலக்கணும்."

"கதவத் தொறந்தது நான்தான் மேடம்."

"தெரியும். உங்க மேல விசாரணை வரும். வந்தா நான் வந்து பேசறேன்." அவர் சற்று நிறுத்தினார். "எங்க அப்பாவும் தோல் ஆலையிலதாம்மா இருந்தாரு."

ஆலை ஐந்து மாதம் நின்றது. நின்ற காலத்துக்கும் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிலேயே இருந்தது. தொட்டிகளுக்கு மூடி வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் மேலே காற்றை உறிஞ்சும் குழாய் வந்தது. பூச்சின் எச்சரிக்கை எல்லையை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அந்த எல்லையைத் தீர்மானித்தது நூற்று எண்பத்தேழு நெஞ்சுகள். மருத்துவர்கள் வந்து, வடு மறையாது, ஆனால் நல்ல காற்று கிடைத்தால் வளராது என்றார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் வேறு ஆலைகளின் ஆட்கள் தாங்களாகவே கூடங்களில் போய்ச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்குக் கூட்டுமூச்சு என்று ஒரு பெயரும் வந்துவிட்டது.

ஆலை மீண்டும் திறந்த காலையில் மறைக்க ஒன்றுமில்லாமல் போயிருந்தது. ரூபனும் டில்லிபாபுவும் ஒரு பெரிய ரோஜா மாலையை வாங்கி வந்து, எல்லோர் முன்னாலும் லோகேஸ்வரியின் கழுத்தில் போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. டில்லிபாபுவின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"போதும், விடு," என்று லோகேஸ்வரி கூச்சத்தோடு மாலையைக் கழற்றிப் பியூலாவிடம் கொடுத்தாள். "நான் ரெண்டு பேரத்தான் இழுத்தேன். என்ன இத்தன பேரு சேந்து இழுத்துப் போட்டாங்க. யாருக்குன்னு போயி மால போடுவேன்?"

எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு பூச்சின் புதிய எல்லையை இயக்கிவைத்தார்கள். அன்று வேலை செய்தது எல்லோருக்கும் விசித்திரமாக இருந்தது. உள்ளே நாற்றமே இல்லை. மதியம் சாப்பாட்டில் கறிவேப்பிலை மணப்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முன்பு இருமிக்கொண்டிருந்த ஒருவன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே பாடினான்.

மாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வாசல் கதவைத் திறந்தார்கள். சங்கு ஊதியது.

ஆட்கள் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார்கள். தொட்டி அறை சந்தன நிறம். வெட்டும் பிரிவு சந்தன நிறம். கதவை ஒட்டிய சுவர் மட்டும், வாசல் பக்கமிருந்து உள்நோக்கி, கலங்கிய சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. பியூலா ஓடிப்போய்ப் படிப்பியை வைத்தாள். தெருச் சாக்கடையின் ஆவி. ஏரிக்கரையில் எரியும் குப்பை. நெடுஞ்சாலைப் புகை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். பழைய எல்லையில் சுவர் இவற்றைக் கண்டுகொண்டிருக்காது. புதிய எல்லையில், ஊரே தாண்டியிருந்தது.

சங்கு ஊதினால் வெளியே ஓட வேண்டும். எல்லோரும் வாசற்படியில் நின்று, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஹரிகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "நல்லவேள. இது நம்முளுது இல்ல."

"நம்முளுதுதான் சார்," என்றாள் லோகேஸ்வரி. "நாம அங்கதானே தூங்கறோம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நர்சு படிக்கும் பெண் விடுமுறைக்கு ஊருக்கு வருகிற நாள் அது. சமைக்க வேண்டும். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் இறங்கினார்கள். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

பியூலா வாசற்படியில் உட்கார்ந்து அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். ஆபத்து உள்ள இடம் என்ற கட்டத்தில், "வாசலுக்கு வெளியே" என்று எழுதினாள். விலக்கப்பட வேண்டியவை என்ற கட்டத்தில் அவள் விரல் நின்றது. சாக்கடையை எழுதலாம். குப்பையை எழுதலாம். ஏரிக்கரையில் எரிவதில் அவள் வீட்டுக் குப்பையும் இருந்தது.

ரூபன் வண்டியோடு வந்து நின்றான். "எழுதியாச்சாக்கா?"

"பாதிதான்."

"மீதி?"

"பெரிய கூடமா ஒண்ணு பாக்கணும்டா," என்றாள் அவள், வண்டியில் ஏறிக்கொண்டே. "ஊர்க்காரங்க எல்லாரும் உக்கார்ற மாதிரி."